முதலாம் மேசையில் தாயம்மாள்

கடைசியாக நீங்கள் வாழையிலையில் சாப்பிட்டபோது உங்களுக்குச் சோறு போட்டவரின் பெயர் என்ன?

யோசித்துப் பாருங்கள். அன்றைக்குக் கோழி வறுவலில் காரம் தூக்கலாக இருந்தது நினைவிருக்கும். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றியது நினைவிருக்கும். இரண்டாவது முறை ரசம் கேட்டபோது ஓடிவந்து ஊற்றிய அந்த அம்மாவின் பெயர் மட்டும் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை.

கிள்ளான் நகரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிவநேசனின் வாழையிலைக் கடையில் சாப்பிட்டிருந்தீர்கள் என்றால் அந்தப் பெயர் தாயம்மாள்.

வயது ஐம்பத்து நான்கு. உயரம் குறைவு, குரல் பெரிது. நான்கு கிண்ணங்கள் சேர்ந்த எவர்சில்வர் தூக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கைக் கரண்டியால் ஒரு மேசைக்கு ஆறு இலை என்று பொரியலும் கூட்டும் வைத்துக்கொண்டே போவார். ஒரு துளி மேசையில் சிந்தாது. யார் சைவம், யார் மீன் குழம்பு கேட்பார், எந்தக் குழந்தைக்கு அப்பளம் மட்டும் போதும் என்பதெல்லாம் இரண்டாவது முறை வரும்போதே அவருக்கு மனப்பாடம். கணவர் அழகிரி துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் போய்விட்டார். மகள் ரோகிணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையுறைத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு, தாயம்மாள் இந்தக் கடைக்கு வந்தார். வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

கடையின் பின்கதவுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. காலை ஆறரைக்குத் திறப்பார். அடுப்பு மூட்டி உலை வைப்பார். செலாயாங் சந்தையிலிருந்து வந்திறங்கும் இலைக்கட்டைப் பிரித்து, துடைத்து, அளவாக நறுக்குவார். ஒன்பதரைக்குச் சமையல் முடிந்ததும் உப்புப் பார்ப்பதும் அவரே. தலைமைச் சமையல்காரர் லோகனுக்கு ரத்தக் கொதிப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து லோகன் தன் நாக்கைத் தானே நம்புவதில்லை. எனவே நறுக்கியதில் மிஞ்சிய இலை நுனியில் ஒரு பிடி சோறு வைத்து, எல்லாக் குழம்பையும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே தாயம்மாள் சாப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் சட்டிகள் முன்னால் போகும்.

இப்படிப்பட்ட ஒருவரை ஆண்டுக்கு இருபத்தொரு நாள் கொல்லைச் சந்தில் நிற்க வைத்தார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பத்து ஆண்டுகளுக்கு முன் சிவநேசனிடம் ஒரு சோதிடர் சொன்னார்: தீபாவளிக்கு முந்தைய இருபத்தொரு நாளும் கடையின் முதல் இலையில் ஒரு சுமங்கலி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது முடியும் வரை தாலியிழந்தவர் யாரும் முன்கூடத்தில் தலைகாட்டக் கூடாது. அப்போது கடை ஒரு லாட்டில், ஒற்றைக் கடையறையில் இருந்தது. இப்போது பக்கத்துக் கடையையும் சேர்த்து இரண்டு லாட். கூட்டத்துக்குக் காரணம் லோகனின் மட்டன் பிரட்டலாக இருக்கலாம் என்ற சந்தேகம் இந்தப் பத்து ஆண்டில் சிவநேசனுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

எனவே அந்த இருபத்தொரு நாளும் காலை பத்தே முக்காலுக்கு சிவநேசனின் மனைவி சீதாலெட்சுமி பட்டுப்புடவையில் முன்வாசல் வழியாக வருவார். முதலாம் மேசையில் உட்காருவார். முழுச் சாப்பாடு பரிமாறப்படும். இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். மீதி குப்பைக்குப் போகும். அதுவரை வாடிக்கையாளர் யாருக்கும் இலை விழாது.

"தாயம்மாக்கா, கொஞ்சம் பின்னால நில்லுங்க. முதல் இலை முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்" என்பார் சிவநேசன். அதட்டிச் சொன்னதே இல்லை. அக்கா மருந்து குடித்தாரா என்று விசாரிக்கிற குரலில் சொல்வார். அந்தக் கனிவுதான் கொடுமை. அதட்டினால் திருப்பிக் கேட்கலாம். கனிவாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் என்ன செய்வது?

பின்னால் என்பது சாக்கடை ஓடும் சந்து. கேஸ் தோங் என்று சொல்லும் எரிவாயு உருளைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின் ஒன்று கிடக்கும். முதல் ஆண்டு அதில் உட்கார்ந்து தாயம்மாள் அழுதார். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு கூடை வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனார். சும்மா உட்காருவது அவருக்கு வராது.

இந்த ஆண்டு தீபாவளிக்கு நான்கு வாரம் இருக்கும்போது, கடை மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை, ரோகிணி அம்மாவைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னாள். அங்கே ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில் அவளுக்கு வேலை. தாயம்மாள் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தார். தெருவெங்கும் கூடாரம் போட்டு முறுக்கும் புடவையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரோகிணி ஒரு வாழையிலைக் கடைக்குள் அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் தாயம்மாள் விறுவிறுவென்று நடந்தார்.

"அம்மா, எங்க போற?"

"கை கழுவ."

"கை கழுவுற இடம் இங்க இருக்கு. நீ குசினிக்குள்ள போற."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். தாயம்மாளும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பரிமாறும் பெண் தூக்கோடு வந்தபோது, வாங்கிக்கொள்ளக் கை தானாக நீண்டது. ரோகிணி அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.

"ஒரு நாளாவது கஸ்டமரா இருமா."

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். சோறு வந்தது, பருப்பு வந்தது, பாகற்காய் வறுவல் வந்தது. தாயம்மாள் இலையை நேராக இழுத்து வைத்துக்கொண்டார்.

"யாரும் ஒன்னும் கேக்கலையே."

"என்ன கேக்கணும்?"

"இல்ல... நான் யாரு, வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னு."

ரோகிணி பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றொன்றாகக் கேட்டு, பத்து ஆண்டுக் கதையையும் வாங்கிவிட்டாள்.

"பத்து வருஷமா? ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஒங்கப்பா செத்ததுக்கு நான் கேஸ் தோங் பக்கத்துல நிக்கிறேன்னா?"

"வேலைய விட்டுடு. என் சம்பளம் நம்ம ரெண்டு பேருக்கும் போதும்."

"எதுக்கு விடணும்? தப்பு பண்ணது நானா?" தாயம்மாள் ரசத்தைச் சோற்றில் கலந்தார். "நான் போயிட்டா அவருக்கு நல்லதாப் போயிடும். அடுத்து வர்ற பொம்பளைய அதே டின்னு மேல உக்கார வைப்பாரு. நான் அந்தக் கடையில ஒரு நாள் முன்னால உக்காந்து சாப்புடணும். அதுவும் முதல் இலையில. அதுக்கப்புறம் வேணும்னா வேலைய விட்டு நிறுத்திக்கட்டும்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டா, இந்தக் கை இருக்குல்ல."

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. அந்த ஒரு நாளில் கிள்ளானுக்குப் பூச்சோங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் ஆட்கள் துணி எடுக்க வருவார்கள். எடுத்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். பத்தரைக்கே சிவநேசன் கடை வாசலில் வரிசை. பதினொன்றுக்கு அது பூமாலைக் கடையைத் தாண்டியது. ஆனால் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. சீதாலெட்சுமி சுபாங்கிலிருந்து வரும் வழியில் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார்.

உள்ளே எல்லாம் தயார். சோறு ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பொரித்த அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது. பரிமாறும் சதீஷ்குமார் கையில் இலைக்கட்டோடு நின்றார். பேராவூரணிப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சிவநேசன் மணிக்கூண்டைப் போல நின்ற இடத்திலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், சாப்பாடு ரெடியா இல்லையா?" வரிசையில் முதலில் நின்ற பெரியவர் கண்ணாடியைத் தட்டினார்.

"ரெடிதான் அங்கிள். அஞ்சே நிமிஷம்."

"இத நாலு தடவ சொல்லிட்டீங்க. காஜாங்லேருந்து வர்றோம். அங்கேயே பேர்போன சாத்தே எறச்சியச் சாப்புடாம இங்க வந்தது எங்க தப்பு லா."

கொல்லைச் சந்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாயம்மாளுக்கு இது கேட்டது. ஒரு குழந்தை அழுவது கேட்டது. மணி பதினொன்று நாற்பது. நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். ஒரே ஒரு பெண் இரண்டு வாய் சாப்பிட்டு இலையை வீசுவதற்காக!

கத்தியைக் கூடையில் வைத்தார். ஏப்ரனைக் கழற்றி எரிவாயு உருளையின் தலையில் மாட்டினார். சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வரிசையைக் கடந்து அதன் முனைக்குப் போனார்.

"அங்கிள், நான் மொத ஆளா உள்ள போயிக்கவா? நான் ஒக்காந்தாத்தான் ஒங்களுக்குச் சோறு வரும்."

"போம்மா. யாரு போனா என்ன, சோறு வந்தா சரி."

தாழிடாமல் சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு போய் முதலாம் மேசையில் உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்த சத்தத்தில் சிவநேசன் திரும்பினார். ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை.

"அக்கா? என்னக்கா இது, வெளையாட்டு?"

"வெளையாடல தம்பி. பசிக்குது. சாப்புட வந்திருக்கேன்."

பதினோரு ஆண்டாக அவரைப் 'பாஸ்' என்று அழைத்த வாய் அது. வயதில் ஐந்து ஆண்டு மூத்தவர், கடைக்கு வந்த விருந்தாளி, தம்பி என்று சொல்வதுதான் முறை. சிவநேசனுக்கு அதுவே பாதி அடி.

"சதீஷு, இலையப் போடு" என்றார் தாயம்மாள்.

சதீஷ்குமார் ஒரு இலையை உருவினார். முதலாளியைப் பார்த்தார். இலை பாதி வழியில் நின்றது. அவருடைய அனுமதிச் சீட்டில் இந்தக் கடையின் பெயர் மட்டுமே இருக்கிறது. இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பக்கத்துக் கடையில் போய் அவர் தட்டுக் கழுவக்கூட முடியாது. நேரே விமான நிலையம்தான். பாதி வழியில் நின்ற அந்த இலையைப் பார்த்ததும் தாயம்மாளுக்குத் தன் தவறு உறைத்தது. தன் சண்டையில் இன்னொருவர் சோற்றைப் பணயம் வைக்கப் பார்த்தோமே!

"வேண்டாம் சாமி, நீ போடாத. ஒன் பர்மிட்டு அவரு கையில இருக்கு. இலைய மேசையில வச்சிட்டுப் போ." பிறகு சிவநேசனைப் பார்த்தார். "தம்பி, நீங்க போடுங்க."

"நானா?"

"ஒங்க கடைதானே?"

கண்ணாடிக்கு வெளியே வரிசை கலைந்து முகங்களாக ஒட்டிக்கொண்டது. காஜாங் பெரியவர் கதவைக் காலால் தடுத்து, திறந்தே வைத்திருந்தார்.

"அக்கா, நாளைக்கு ஒக்காருங்க. ரோகிணியையும் கூட்டிட்டு வாங்க. நான் ஃப்ரீயாவே போடுறேன்."

"எனக்கு ஃப்ரீ வேண்டாம். முதல் இலைதான் வேணும்."

"தீபாவளி நேரம்க்கா. கடை ராசின்னு ஒன்னு இருக்கு. பதினாலு பேரு இந்தக் கடைய நம்பி இருக்கோம்."

"சரி, ராசின்னே வச்சுக்குவோம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெனமும் இந்தக் கடையத் தொறக்குறது யாரு?"

"நீங்க."

"மொத அடுப்பப் பத்த வைக்கிறது?"

"நீங்கதான்க்கா, யாரு இல்லன்னா?"

"உப்புப் பாக்குறது?"

சிவநேசன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எதுல வச்சிப் பாக்குறேன்?"

சமையலறைச் சாளரத்தில் லோகனின் தலை எட்டிப் பார்த்தது. "இலை நுனியில பாஸ்! ஒரு பிடி சோறு வச்சி, எல்லாக் கொழம்பையும் ஊத்தித்தான் அக்கா சாப்புடும். தெனமும்!"

"கேட்டீங்களா? நான் ஒம்பதரைக்குச் சாப்புடுறேன். ஒங்க வீட்டுல பத்தே முக்காலுக்குச் சாப்புடுறாங்க. அப்ப முதல் இலை யாரோடது?" தாயம்மாளின் குரல் உயரவில்லை. "பதினோரு வருஷமா இந்தக் கடையோட மொத வாயி என் வாயிதான் தம்பி. தாலி இல்லாதவ வாயி. கடை இடிஞ்சா போச்சு? ஒரு லாட்டு ரெண்டு லாட்டாச்சு."

வாசலில் ஒருவர் கை தட்டினார். இன்னொருவர், "பாஸ், கணக்கு சரியாத்தான் வருது லா, இலையப் போடுங்க" என்றார்.

சிவநேசன் கடைசி ஆயுதமாகக் கைப்பேசியை எடுத்தார். மனைவி பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொன்னால் போதும், இந்தப் பெண்ணை எழுப்பிவிடலாம். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

"சீதா, எங்க வந்துட்ட?"

"இன்னும் பத்து தீகா சந்திப்பையே தாண்டல. ஏங்க, யாராச்சும் சாப்புடட்டுமேங்க!" சீதாலெட்சுமியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "எட்டு மணிக்குப் பசியாறிட்டு, பத்தே முக்காலுக்கு மட்டன தின்னு தின்னுன்னா எப்படி? பத்து வருஷமா ஒங்க ராசிக்குச் சாப்புட்டு எனக்கு கேஸ்ட்ரிக் வந்ததுதான் மிச்சம்."

வாசலே சிரித்தது. சதீஷ்குமார் இலைக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிவநேசன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். மேசைமேல் இருந்த இலையை எடுத்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்து விரித்தார். பல ஆண்டுகளாகக் கல்லாவை விட்டு எழாதவர். நுனியை வலப்பக்கம் வைத்துவிட்டார்.

"நுனி இடப்பக்கம் வரணும் தம்பி" என்று தாயம்மாள் இலையைத் திருப்பிப் போட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா."

இலைக்குச் சொன்னாரா, பத்து ஆண்டுக்குச் சொன்னாரா தெரியாது. தாயம்மாளும் கேட்கவில்லை. சிவநேசன் சோறு போட்டார். அதிகமாகவே விழுந்தது. அதற்குள் கதவு முழுக்கத் திறந்து, காஜாங் குடும்பம் இரண்டாம் மேசையைப் பிடித்தது. பெரியவர் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு எட்டிக் கேட்டார்.

"ஏம்மா, உப்பு சரியா இருக்கா?"

"நான் பாத்த உப்பு அங்கிள். சரியாத்தான் இருக்கும்."

ரசம் வரை வந்து, மோர் வாங்கி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். சுற்றிலும் இலை கேட்டுக் குரல்கள். தூக்கெடுக்க ஆளில்லாமல் சதீஷ்குமார் ஒற்றை ஆளாய் ஓடுவதைப் பார்த்தபோது உள்ளங்கால் பரபரத்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. இலையைத் தன் பக்கமாக மடித்தார். கை கழுவினார். கொல்லைக்குப் போய் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, நான்கு கிண்ணத் தூக்கோடு முன்கூடத்துக்கு வந்தார். "யாருக்குக் கூட்டு?" என்ற குரல் இரண்டு லாட்டுக்கும் கேட்டது.

அன்று மூன்று மணிக்கே சோறு தீர்ந்து மறுபடி உலை வைத்தார்கள். தாயம்மாளின் கைராசி என்று லோகன் சொல்ல ஆரம்பித்தபோது தாயம்மாளே அதட்டினார். "ராசியுமில்ல, கீசியுமில்ல. தீபாவளிக் கூட்டம். போய் வெங்காயத்த வதக்கு." ஒரு மூடநம்பிக்கையை இறக்கிவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை ஏற்றுவதற்காக அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

மறுநாள் பத்தே முக்காலுக்கு யாரும் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லவில்லை. சிவநேசன் கதவைத் திறந்தார். முதலில் வந்தது தாதியர் உடையில் ஒரு பெண். அவருக்குத் திருமணமாகியிருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. சதீஷ்குமார் இலை போட்டார். சீதாலெட்சுமி ஒரு மணிக்கு மேல், பசித்த பிறகு வந்தார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தாயம்மாள் அதோடு விடவில்லை. கடை ஆட்கள் நான்கு மணிக்குத்தான் சாப்பிடுவார்கள், சந்தில் நின்றபடி, தட்டைக் கையில் ஏந்தி. அன்று நான்கு மணிக்கு அவர் முதலாம் மேசையில் ஆறு இலைகளை விரித்தார். "மேசை சும்மாத்தானே கெடக்கு? ஒக்காருங்கய்யா" என்றார். சதீஷ்குமார் கல்லாப் பக்கம் பார்த்தார். சிவநேசன் தே தாரிக் டீக் குவளையைத் தூக்கிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டார். சதீஷ்குமார் உட்கார்ந்தார். இந்த நாட்டுக்கு வந்த நான்கு ஆண்டில் வேலை நாளில் அவர் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

ஆனால் எல்லாக் கடையிலும் ஒரு தாயம்மாள் இல்லை. இருந்தாலும், எல்லோருக்கும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் துணிச்சல் வந்துவிடாது. வேலை அனுமதிக்காரருக்கு வரவே வராது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் கேட்டால் எந்த முதலாளியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பண்டிகைக்கு நீங்கள் குடும்பத்தோடு இலைச்சாப்பாட்டுக்குப் போகும்போது, பரிமாறுகிறவரிடம் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் கல்லாவுக்குப் போய், அந்தப் பெயரைச் சொல்லி, "இவங்க எங்க ஒக்காந்து சாப்புடுறாங்க?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். பதில் வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.